ஓடி ஓய்ந்த கால்கள்

2020 டிசம்பர் 31. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் உள்ள பாம் பீச் கென்னல் கிளப். நள்ளிரவுக்குச் சற்று முன்பு அங்கே கடைசி நாய்ப் பந்தயம் நடந்து முடிந்தது. 1932இல் திறக்கப்பட்ட ஓடுகளம் அது. நாய்ப் பந்தயம் தொடரலாமா என்று 2018 நவம்பரில் அந்த மாநில மக்களிடமே கேட்டார்கள். வாக்களித்தவர்களில் 69 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அப்போது அமெரிக்கா முழுவதும் மிச்சமிருந்த 17 களங்களில் 11 புளோரிடாவில்தான் இருந்தன. ஒரு காலத்தில் அறுபதுக்கும் மேற்பட்ட களங்களில் கோடிக்கணக்கான டாலர் புரண்ட ஒரு தொழில், அந்த ஒரு வாக்கெடுப்போடு ஏறத்தாழ முடிந்துபோனது.

களங்கள் மூடப்பட்டபோது அந்த நாய்களுக்கு வீடு தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. நாய்கள் குறைவு, கேட்டவர்கள் அதிகம். பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருந்து அழைத்துப் போனார்கள். ஆனால் வயது நிற்குமா? கிரேஹவுண்டு முதன்முதலாகப் பந்தயத்தில் இறங்கும்போதே அதற்கு ஏறக்குறைய ஒன்றரை வயது. நோய் நொடி இல்லாமல் இருந்தால் பத்திலிருந்து பதினான்கு வயது வரை வாழும். அந்தக் கடைசி இரவில் ஓடியவற்றில் மிக இளையதற்கும் இன்று முகம் நரைத்திருக்கும். அதற்கு முன்பு ஓய்வுபெற்றவை பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிட்டன. அமெரிக்காவில் பந்தயத்திலிருந்து வீட்டுக்கு வந்த ஒரு தலைமுறை நாய்கள் ஒவ்வொன்றாக விடைபெறும் காலம் இது. அவற்றை வளர்த்தவர்கள் அழுகிறார்கள். அந்த அழுகைக்குப் பின்னால் இருக்கும் கதை ஒரு வீட்டோடு முடிவதில்லை.

சிப்பிப்பாறையையோ கன்னியையோ பார்த்தவர்களுக்குக் கிரேஹவுண்டின் உருவத்தை விளக்க வேண்டியதில்லை. ஒட்டிய வயிறு, இறங்கிய மார்பு, நீண்ட முகம். மோப்பத்தை நம்பாமல், கண்ணால் கண்டு துரத்தும் வேட்டையினம். முழு வேகத்தில் மணிக்கு 70 கிலோமீட்டரைத் தொடும். இந்த வேகத்தை வட்டக் களத்துக்குள் கொண்டுவந்து சூதாட்டமாக்க ஓர் இயந்திரம் தேவைப்பட்டது. ஓவன் பேட்ரிக் ஸ்மித் என்ற அமெரிக்கர், தண்டவாளத்தில் ஓடும் பொய் முயலை உருவாக்கி, 1919இல் கலிபோர்னியாவின் எமரிவில்லில் களம் திறந்தார். 1926 ஜூலையில் இங்கிலாந்தின் மான்செஸ்டரில், பெல் வியூ களத்தில் முதல் பந்தயம் நடந்தது. அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மக்காவ் என்று பொய் முயலுக்குப் பின்னால் நாய்கள் ஓடத் தொடங்கின.

அந்த முயல் ஒருநாளும் நாயின் வாயில் சிக்குவதில்லை. நாய் ஓடும் காலமும் நீள்வதில்லை. மூன்று வயதிலோ நான்கு வயதிலோ, ஐந்தை எட்டும் முன்போ, வேகம் குறைந்தோ கால் முறிந்தோ அதன் பந்தயக் காலம் முடிந்துவிடும். இன்னும் ஏழெட்டு ஆண்டு வாழ வேண்டிய நாயை என்ன செய்வது? பல பத்தாண்டுகளுக்கு இந்தக் கேள்விக்குப் பந்தயத் தொழிலிடம் இருந்த பொதுவான பதில் ஒன்றுதான். கொன்றுவிடுவது.

பந்தயத்தில் வாய்மூடி கட்டி ஓடும் நாய் என்பதால், அது கடிநாய், வீட்டுக்கு ஆகாது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. அந்த எண்ணத்தை உடைத்தவர்கள் தத்தெடுத்த குடும்பங்கள்தாம். பிரிட்டனில் 1970களின் நடுவில் ஓய்வுபெற்ற நாய்களுக்கான அறக்கட்டளை வந்தது. அமெரிக்காவில் 1980களில் தத்து அமைப்புகள் முளைத்தன. 1989 டிசம்பரில் ‘தி சிம்ப்சன்ஸ்’ கார்ட்டூன் தொடரின் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது. பந்தயத்தில் கடைசியாக வந்ததால் சொந்தக்காரன் விரட்டிவிட்ட ஒரு கிரேஹவுண்டை, கிறிஸ்துமஸ் இரவில் ஒரு குடும்பம் வீட்டுக்குக் கூட்டிப்போகிற கதை அது. கோடிக்கணக்கான வரவேற்பறைகளுக்குள் அந்த நாய் நுழைந்தது. 1992இல் சிந்தியா பிரானிகன் பந்தய நாயைத் தத்தெடுப்பது பற்றி எழுதிய வழிகாட்டி நூல் பல வீடுகளில் கைப்புத்தகமாயிற்று.

மாடிப்படி தெரியாத நாய்

வழிகாட்டி நூல் தேவைப்பட்டதற்குக் காரணம் உண்டு. பந்தய நாய் மற்ற நாய்களைப் போல வீட்டில் வளர்ந்ததல்ல. பிறந்த பண்ணை, பயிற்சிக் களம், கூண்டு, ஓடுகளம் என்பதைத் தாண்டி அது எதையும் கண்டதில்லை. மாடிப்படி என்றால் என்னவென்று அதற்குத் தெரியாது. முதல் படியில் முன்னங்கால்களை வைத்துவிட்டு, பின்னங்கால்களை என்ன செய்வதென்று புரியாமல் நடுங்கிக்கொண்டு நிற்கும். வளர்ப்பவர் ஒவ்வொரு காலாக எடுத்து அடுத்த படியில் வைத்துப் பழக்க வேண்டும். கண்ணாடிக் கதவு இருப்பது தெரியாமல் நேரே போய் மோதிக்கொள்ளும். நிலைக்கண்ணாடியில் தெரிகிற நாயைத் தேடிப் பின்பக்கம் போய்ப் பார்க்கும். பளபளப்பான தரையில் நடக்கப் பயந்து, விரிப்பு போட்ட இடத்தை விட்டு நகராது.

கழுத்துப் பட்டையிலும் ஒரு சங்கதி இருக்கிறது. கிரேஹவுண்டின் கழுத்து தலையைவிடப் பருத்தது. சாதாரணப் பட்டை போட்டால் பின்னுக்கு ஒரு இழுப்பு இழுத்தே தலையை உருவிக்கொண்டு போய்விடும். அதனால், இழுத்தால் சற்றே இறுகும் அகலமான துணிப் பட்டையைத்தான் போடுவார்கள். இந்தப் பட்டைகளைப் பூவேலை, பட்டு வேலைப்பாடு என்று தேடித் தேடி வாங்குவது வளர்ப்பவர்களின் ஆசை. நாய் போன பிறகு வீட்டில் எஞ்சுவதும் இந்தப் பட்டைதான். கழுவாமல், உள்பக்கத்தில் ஒட்டிய முடியோடு அப்படியே வைத்திருப்பவர்கள் நிறைய.

சில வாரங்களில் பயம் தெளியும். மெத்தை என்று ஒன்று இருப்பதைக் கண்டுபிடிக்கும். பிறகு அதை எழுப்புவது பெரும்பாடு. நான்கு கால்களையும் மேலே தூக்கி, முதுகால் படுத்து, பல் தெரிய உறங்கும். சில நாய்கள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும். புதிதாக வளர்ப்பவர்கள் மூச்சு இருக்கிறதா என்று கைவைத்துப் பார்ப்பார்கள். சந்தோஷம் வந்தால் பல் கிட்டித்ததுபோலக் கடகடவென்று அடித்துக்கொள்ளும். அருகில் வந்து நின்று, மொத்த உடலின் எடையையும் நம் காலின் மீது சாய்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் நின்றுகொண்டிருக்கும். வளர்த்தவர்களிடம் எது நினைவுக்கு வருகிறது என்று கேட்டால், ஓட்டத்தை யாரும் சொல்வதில்லை. இந்தச் சாய்வைத்தான் சொல்கிறார்கள்.

நொண்டல்

கிரேஹவுண்டு வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: காரணமில்லாமல் ஒரு நாள் தொடங்கும் நொண்டல். தசைப் பிடிப்பாக இருக்கலாம், பாதத்தில் ஆணியாக இருக்கலாம் என்று முதலில் மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் நிற்பார். எலும்புப் புற்றுநோய். உள்ளிருந்து எலும்பை அரித்துவிடும். தோட்டத்தில் ஒரு தடவை துள்ளினாலே கால் முறியும்.

ஓஹயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் மருத்துவர்கள், ஓய்வுபெற்ற பந்தய நாய்களின் உடல்நலம் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு ஓர் ஆய்வை 2007இல் வெளியிட்டார்கள். இறந்த நாய்களில் பாதிக்கு மேல் புற்றுநோய்க்குப் பலியானவை. நான்கில் ஒன்று எலும்புப் புற்றுநோயால் மட்டும் இறந்திருந்தது. கண்காட்சிக்காக வளர்க்கப்படும் கிரேஹவுண்டுகளிடம் இந்த நோய் அவ்வளவாகக் காணப்படாததால், பந்தயத்துக்கென்று பெருக்கிய வம்சத்தில் காரணம் இருக்கிறதா, களத்தில் எலும்பு படும் பாட்டில் இருக்கிறதா என்று ஆராய்ச்சி தொடர்ந்தது.

சிலர் காலை எடுத்துவிடச் சம்மதிப்பார்கள். மூன்று காலில் எழுந்து நடக்க இந்த நாய்க்குப் பல நாள் பிடிப்பதில்லை. ஆனாலும் மருந்தோடு கிடைப்பது பெரும்பாலும் சில மாதங்கள்தான். வலியைத் தாங்க முடியாத கட்டத்தில் வேறு சிலர் மருத்துவரை வீட்டுக்கே வரச் சொல்வார்கள். நாய் தன் மெத்தையில், தன் போர்வையில் படுத்திருக்கும்போதே ஊசி போடப்படும்.

இந்த இனத்துக்கென்று மருத்துவர்கள் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியவையும் பல. உடலில் கொழுப்பு குறைவு, சில மயக்க மருந்துகளைக் கல்லீரல் மெதுவாகத்தான் கரைக்கும். மற்ற நாய்க்குச் சரியான அளவில் தயோபென்டால் கொடுத்தால் இது விழிக்க நெடுநேரம் ஆகும். இரத்தத்தில் சிவப்பணுக்கள் அதிகம். நோயில்லாத கிரேஹவுண்டின் பரிசோதனை முடிவே மற்ற நாய்களின் அளவுகோலில் நோயாகத் தெரியும். இந்த அறிவெல்லாம் முன்பு வாழ்ந்த நாய்களால் கிடைத்தது. அவற்றின் இரத்தமும் வீணாகவில்லை. மற்ற நாய்களுக்கு ஏற்றத் தகுந்த இரத்தம் இந்த இனத்தில் நிறையக் கிடைக்கிறது. கலிபோர்னியாவில் டாக்டர் ஜீன் டாட்ஸ் தொடங்கிய ‘ஹீமோபெட்’ இரத்த வங்கியில், ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகள் சில காலம் இரத்தம் கொடுத்துவிட்டுத் தத்துக்குப் போயின. அந்த இரத்தத்தால் பிழைத்த நாய்கள் எத்தனையோ ஊர்களில் வாழ்ந்தன.

இரண்டு நாய் வளர்த்த வீட்டில் துயரம் இன்னொரு விதமாக வரும். பந்தய நாய் பிறந்தது முதல் கூட்டத்திலேயே இருந்தது. தனிமை அதற்குப் பழக்கமில்லை. ஒன்று போய்விட்டால் மற்றது வாசலையும் மெத்தையையும் மாறி மாறி முகர்ந்துகொண்டு திரியும், தட்டில் வைத்ததைத் தொடாது. அதனால்தான் பலர் இறந்த நாயின் உடலை மற்ற நாய் வந்து முகர்ந்து பார்க்க விடுகிறார்கள்.

காதில் குத்திய பச்சை

வீட்டுக்கு வந்த ஒவ்வொரு பந்தய நாய்க்கும் இரண்டு பெயர். களத்தில் பதிவான பெயர் ஒன்று. தத்தெடுத்தவர் வைத்துக் கூப்பிட்ட பெயர் மற்றொன்று. இரண்டுக்கும் முன்னால் ஓர் எண் இருக்கிறது. அமெரிக்க நாயின் வலது காதின் உட்புறத்தில் பச்சை குத்தியிருப்பார்கள். 38பி என்று இருந்தால், 3 மார்ச் மாதம், 8 ஆண்டின் கடைசி இலக்கம், பி என்பது அந்த ஈற்றில் இரண்டாவது குட்டி. இடது காதில் இருப்பது அந்த ஈற்றின் பதிவு எண். அயர்லாந்திலும் பிரிட்டனிலும் எழுத்துகளைக் குத்துவார்கள். ஓடுவது இன்ன நாய்தான் என்று சூதாட்டக்காரர்களுக்கு உறுதி சொல்லச் செய்த ஏற்பாடு அது.

அதே எண்ணை வளர்த்தவர்கள் வேறொன்றாக மாற்றிவிட்டார்கள். எண்ணை வைத்துத் தாய் தந்தை யார் என்று தேடுவார்கள், எந்தப் பந்தயத்தில் எத்தனையாவதாக வந்தது என்று பார்ப்பார்கள், ஒரே ஈற்றில் பிறந்த மற்ற நாய்கள் எந்த வீட்டில் இருக்கின்றன என்று கண்டுபிடித்து உடன்பிறப்புகளைச் சந்திக்க வைப்பார்கள். நாய் இறந்ததும் அந்தக் காதைப் படமெடுத்து வைத்துக்கொள்வார்கள். அதே எண்ணைத் தங்கள் மணிக்கட்டில் பச்சை குத்திக்கொண்டவர்களும் உண்டு. களிமண்ணில் பதித்த பாதம், சாம்பல் வைத்த சிறு பெட்டி, வீட்டுத் தோட்டத்தில் நட்ட மரம் என்று அவரவர் வழி அவரவர்க்கு.

நாய் இறந்துவிட்டது என்று இவர்கள் சொல்வதில்லை. வானவில் பாலத்தைக் கடந்துவிட்டது என்பார்கள். இறந்த பிராணிகள் ஒரு புல்வெளியில் நோயும் வலியும் நீங்கி ஓடித் திரிந்து தம் மனிதருக்காகக் காத்திருக்கும் என்று சொல்கிற ஓர் உரைநடைப் பகுதியிலிருந்து வந்த வழக்கு. உலகெங்கும் கால்நடை மருத்துவமனைச் சுவர்களில் ஒட்டப்பட்ட அந்த வரிகளை எழுதியவர் யாரென்று பல்லாண்டுகளாகத் தெரியாமலே இருந்தது. 2023இல்தான் ஆய்வாளர் பால் கூடுனாரிஸ் கண்டறிந்தார். 1959இல், ஸ்காட்லாந்தில், 19 வயதான எட்னா கிளைன் தன் லாப்ரடார் நாய் மேஜர் இறந்த துக்கத்தில் ஒரு தாளில் எழுதியது. நண்பர்களுக்குப் பிரதி கொடுத்தார், பெயர் போடவில்லை. அந்தத் தாள் கடல் தாண்டிப் போய் நாய் வளர்த்த அத்தனை பேரின் துக்கத்துக்கும் சொந்தமாகிவிட்டது.

ஆண்டுதோறும் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கிலும், டெலவேரின் டூயி கடற்கரையிலும் கிரேஹவுண்டு குடும்பங்கள் கூடுவது வழக்கம். நூற்றுக்கணக்கான நாய்கள் ஒரே ஊரில். இப்படிப்பட்ட கூடல்களில் இறந்த நாய்களின் பெயர்களை உரக்க வாசிப்பதுண்டு. வாசித்து முடிக்க நேரமாகும், யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

தன் நாயின் பெயர் நிலைக்க வேண்டும் என்ற ஆசை புதிதல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், அலெக்சாண்டரின் படையெடுப்பை எழுதிய கிரேக்க ஆசிரியர் ஆர்ரியன், கெல்ட்டியரின் விரைநாய்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதினார். கிரேஹவுண்டின் முன்னோர் என்று கருதப்படும் நாய்கள் அவை. வேட்டை நுணுக்கம் சொல்லிக்கொண்டே வந்தவர், இடையில் நிறுத்தித் தன் நாய் ஹோர்மேயைப் பற்றி எழுதத் தொடங்கிவிடுகிறார். தெருவில் தனக்கு முன்னால் நடக்கும், தான் வருகிறாரா என்று திரும்பித் திரும்பிப் பார்க்கும், சிறிது நேரம் பிரிந்திருந்தாலும் துள்ளி வந்து வரவேற்கும், உணவு வேண்டுமென்றால் காலால் தொடும் என்கிறார். ஹோர்மே என்று தனக்கொரு நாய் இருந்தது பின்வருவோருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகவே பெயரை எழுதிவைப்பதாகவும் சொல்கிறார். நாய் மனிதரின் பக்கத்தில் படுத்துறங்குவதே நல்லது என்பதும் அதே நூலில் அவர் சொன்ன அறிவுரை. கூண்டில் அடைத்து வளர்த்தவர்கள் படித்திருக்க வேண்டிய பக்கம்.

பிரான்சில் இதே இனத்துக்குக் கோயிலே எழுந்தது. லியோன் நகருக்கு வடக்கே ஒரு பிரபுவின் கோட்டை. தொட்டிலில் குழந்தை. பாம்பு வந்தது. கினஃபோர் என்ற கிரேஹவுண்டு அதைக் கடித்துக் கொன்றது. வாயில் இரத்தத்தோடு நின்ற நாயைப் பார்த்து, குழந்தையைத்தான் தின்றுவிட்டது என்று நினைத்த பிரபு வாளால் வெட்டினான். பிறகே தொட்டிலடியில் பாம்பைக் கண்டான். நாயைக் கிணற்றில் இட்டுக் கல் குவித்து, நினைவுக்கு மரங்கள் நட்டான். அந்த இடத்துக்கு ஊர்த் தாய்மார்கள் நோயுற்ற குழந்தைகளைத் தூக்கி வந்து வேண்டத் தொடங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டில் அங்கு வந்த ஸ்டீபன் என்ற துறவி இது மூடநம்பிக்கை என்று சொல்லி எலும்புகளைத் தோண்டி எரிக்க வைத்தார், மரங்களை வெட்ட வைத்தார். மக்களோ அதன் பின்னும் பல நூற்றாண்டுகள் அங்கே போய்க்கொண்டிருந்தார்கள்.

தமிழ் வாசகருக்கு இந்தக் கதை முன்பே தெரியும். பஞ்சதந்திரத்தின் கீரிப்பிள்ளைதான் மேற்கே போய்க் கிரேஹவுண்டாயிற்று. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், கீரியைக் கொன்ற பழியால் கணவனால் கைவிடப்பட்ட பெண்ணுக்குக் கோவலன் பொருள் கொடுத்து உதவியதை மாடல மறையோன் சொல்கிறான். காப்பாற்றியதையே கொன்றுவிட்ட குற்றவுணர்வு எல்லா நாட்டாருக்கும் ஒன்றுதான்.

பத்து டாலர், பத்து பவுண்டு

ஜெயித்த நாய்களைத் தொழில் மறந்ததில்லை. அயர்லாந்தில் பிறந்து 1929, 1930 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து இங்கிலீஷ் டெர்பியை வென்ற மிக் தி மில்லர், 1939இல் இறந்த பிறகு பாடம் செய்யப்பட்டது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ட்ரிங் கிளையில் இன்றும் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. சொந்த ஊரான கில்லேயில் சிலையும் இருக்கிறது. களங்கள் வருவதற்கு முன்பே, உயிருள்ள முயலைத் துரத்தும் போட்டியான வாட்டர்லூ கோப்பையை மூன்று தடவை வென்று 1871இல் இறந்த மாஸ்டர் மக்ராத்துக்கு அயர்லாந்தின் டங்கார்வன் அருகே கல் நினைவுச்சின்னம் எழுப்பினார்கள்.

தோற்ற நாய்களுக்கு என்ன நடந்தது என்பதை 2002இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் லிலியன் என்ற ஊரில் தோண்டி எடுத்தார்கள். ஒரு முதியவரின் 18 ஏக்கர் நிலத்தில் ஆயிரக்கணக்கான கிரேஹவுண்டுகளின் எச்சங்கள். நாற்பது ஆண்டுகளாகச் சுட்டுக் கொன்றிருக்கிறார். கூலி, நாய் ஒன்றுக்கு 10 டாலர். 2006இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில், சீஹாம் என்ற கடலோர ஊரில் இன்னொரு தோட்டத்தைச் ‘சண்டே டைம்ஸ்’ வார ஏடு அம்பலப்படுத்தியது. பதினைந்து ஆண்டுகளில் சுமார் 10,000 நாய்கள். கூலி 10 பவுண்டு. வழக்கு நடந்தது, தண்டனையும் கிடைத்தது. எதற்கு? உரிமம் இல்லாமல் நிலத்தில் கழிவைப் புதைத்ததற்கு. அபராதம் 2,000 பவுண்டு. அந்தப் பத்தாயிரத்துக்கும் காதில் பச்சை இருந்தது, களத்தில் பெயர் இருந்தது. சட்டத்தின் கண்ணில் அவை கழிவு. இதைவிட மனத்தை அறுக்கும் தீர்ப்பு இந்தத் தொழிலின் வரலாற்றில் வேறில்லை.

காதை அறுத்துவிட்டால் சொந்தக்காரர் யாரென்று தெரியாது என்பதால் அறுத்தவர்களும் உண்டு. 2004இல் தெற்கு வேல்ஸில், ஃபோக்ரியூ கிராமத்தருகே மலைச்சரிவில் ஒரு கிரேஹவுண்டு கிடந்தது. தலையில் ஆணித் துப்பாக்கியால் சுட்டு, இரண்டு காதுகளையும் வெட்டி எடுத்துவிட்டுப் போட்டுப் போயிருந்தார்கள். கண்டெடுத்தவர்கள் அருகில் போனபோது அது உயிரோடிருந்தது, வாலை ஆட்டியது. மருத்துவர் வலியிலிருந்து விடுவிக்க ஊசி போடுவதைத் தவிர வழியில்லை. சுட்டவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது. ரஸ்டி என்ற அந்த நாயின் பெயரைக் கிரேஹவுண்டு வளர்க்கும் பிரிட்டிஷ் குடும்பங்கள் இன்னும் சொல்கின்றன. அதே கேர்ஃபிலி வட்டாரத்தில் உள்ள வேலி ஸ்டேடியம்தான் வேல்ஸில் மிஞ்சிய ஒரே களம். நாய்ப் பந்தயத்தைத் தடை செய்யப்போவதாக வேல்ஸ் அரசு 2025 பிப்ரவரியில் அறிவித்தது.

தத்தெடுத்தவர்கள் எல்லோரும் பந்தயத்தின் எதிரிகள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். புளோரிடா வாக்கெடுப்பின்போது பல தத்து அமைப்புகள் பந்தயத்தின் பக்கம் நின்றன, சில ஒதுங்கியிருந்தன. நாயை நேசித்த பயிற்சியாளர்களும் இருந்தார்கள், தங்கள் நாய் எந்த வீட்டுக்குப் போனது என்று விசாரித்துப் போய்ப் பார்த்தவர்களும் இருந்தார்கள். ஆனால் எண்ணிக்கை கேட்கும் பழக்கம் வளர்த்தவர்களிடமிருந்தே பிறந்தது. என் நாய் வந்து சேர்ந்தது, அதோடு பிறந்த மற்ற ஏழும் எங்கே என்ற கேள்வி அது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் நீதிபதி மைக்கேல் மக்ஹியூ தலைமையில் நடந்த விசாரணை 2016இல் பதில் தந்தது: பன்னிரண்டு ஆண்டுகளில் குறைந்தது 48,000, அதிகம் போனால் 68,000 நாய்கள், வேகம் போதவில்லை என்பதற்காகக் கொல்லப்பட்டிருக்கின்றன. மாநில அரசு ஜூலையில் தடையை அறிவித்துவிட்டு அக்டோபரில் பின்வாங்கியது. பிரிட்டனில் பந்தய வாரியம் 2018 முதல் இறப்புக் கணக்கை வெளியிடத் தொடங்கியது. அந்த முதல் ஆண்டில் சிகிச்சைச் செலவைக் காரணம் காட்டி மட்டும் 175 நாய்கள் கொல்லப்பட்டிருந்தன. கணக்கு வெளியே வந்த பிறகு அந்த எண்ணிக்கை வேகமாகச் சரிந்தது.

மக்காவ் நகரில் நடந்ததையும் மறக்கலாகாது. அங்கே 1931இல் தொடங்கிய கனிட்ரோம் களத்துக்குள் போன நாய் உயிரோடு வெளியே வந்ததில்லை என்றே பெயர். 2018 ஜூலையில் களம் மூடப்பட்டபோது 533 நாய்கள் உள்ளே இருந்தன. ‘அனிமா’ என்ற உள்ளூர் விலங்குநல அமைப்பு பொறுப்பேற்று, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ், அமெரிக்கா என்று நாடு நாடாக வீடு தேடிக் கொடுத்தது. ஆஸ்திரேலியாவில் பிறந்து மக்காவ் களத்தில் ஓடிய ப்ரூக்ளின் என்ற நாய்க்காகப் பல ஆண்டுகள் இயக்கம் நடத்திய அமெரிக்கத் தம்பதியிடமே அது கடைசியில் போய்ச் சேர்ந்தது. ஐந்து வயதிலும் ஆறு வயதிலும் முதன்முதலாக ஒரு வீட்டுக்குள் காலடி வைத்த நாய்கள் அவை. கிடைத்தது சில ஆண்டுகள்தான். அந்தச் சில ஆண்டுகளுக்காக ஒரு கண்டத்திலிருந்து மறு கண்டத்துக்கு நாயை வரவழைத்தவர்களின் செயல் வீண் என்று யாராவது சொன்னால், அவர்கள் ஒரு கிரேஹவுண்டின் சாய்வை அறியாதவர்கள்.

இப்போது அமெரிக்க வீடுகளில் ஒரு கிரேஹவுண்டு இறந்தால், இன்னொன்றைக் கொண்டுவருவது எளிதல்ல. மேற்கு வர்ஜீனியாவில் மட்டுமே களங்கள் எஞ்சின. முப்பது ஆண்டுகள் நடந்த தத்து அமைப்புகள் சில கதவை மூடிவிட்டன, சில அயர்லாந்திலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் நாய்களை வரவழைக்கின்றன. வளர்த்தவர்களுக்கு இது இரட்டைத் துக்கம். பந்தயம் ஒழிந்தது நல்லது என்று மனமாரச் சொல்வார்கள். சொல்லும்போதே, தாங்கள் அறிந்த அந்த நாய் இனி அந்த வாசலில் வந்து இறங்காது என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

அயர்லாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் பந்தய நாய்கள் இன்னும் ஓய்வுபெற்று வெளியே வந்துகொண்டிருக்கின்றன. நியூசிலாந்து, 2026 ஆகஸ்டு 1க்குள் பந்தயத்தை முடித்துக்கொள்வதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. அன்றைய கணக்கில் வீடு தேவைப்பட்டவை சுமார் 2,900 நாய்கள். லண்டன், சிட்னி, மெல்போர்ன், ஆக்லாந்து நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாய் வளர்க்க நினைத்தால், குட்டி விற்பவரிடம் போகும் முன்பு கிரேஹவுண்டு தத்து மையத்துக்கு ஒரு தடவை போய் வாருங்கள். பெரிய தோட்டம் தேவையில்லை, நாளுக்கு இரண்டு நடை போதும். அங்கே எல்லோரும் மூன்று வயது நாயைத்தான் கேட்பார்கள். நீங்கள் எட்டு வயதானதைக் கேளுங்கள்.